ஐம்பதைத் தாண்டிய ஒரு டர்னர் எடுத்த ஐக்யூ தேர்வு

தேர்வின் பெயர் வெக்ஸ்லர் பெரியவர் நுண்ணறிவுத் தேர்வு. சுருக்கமாக வேய்ஸ் என்பார்கள். நான் எடுத்தது நான்காம் பதிப்பு. ஆசைப்பட்டுப் போய் எடுக்கவில்லை, நரம்பியல் மருத்துவர் எழுதிக் கொடுத்தார். நான் டர்னர், உலோகத்தைச் சுழற்றிக் கடையும் லேத்தில் வேலை. டூலின் இடத்தைத் திருத்தும் ஆஃப்செட் எண் ஒன்றைப் படித்துவிட்டு, மெஷினின் கணினிப் பலகையான கன்ட்ரோலர் பக்கம் திரும்புவதற்குள் கடைசி இலக்கம் நழுவிவிடுகிற மாதிரி கொஞ்ச காலமாக ஓர் உறுத்தல். "வயசா, வேற ஏதாவதா, பாத்துடலாம்" என்றார் டாக்டர். பார்த்தாயிற்று. பயப்பட ஒன்றுமில்லை என்று வந்தது. அந்த வகையில் தேர்வு தன் வேலையை ஒழுங்காகச் செய்தது.

ஆனால் அறிக்கையைக் கையில் வாங்கியதிலிருந்து ஒரு விஷயம் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. "ஐம்பதைத் தாண்டியவரின் நுண்ணறிவு இவ்வளவு" என்று ஒரு எண் போட்டிருக்கிறார்கள். அந்த எண்ணுக்குள் நான் இத்தனை வருஷம் சேர்த்ததில் எவ்வளவு இருக்கிறது? அதைப் பற்றித்தான் இந்த விமர்சனத்தில் அதிகம் எழுதப் போகிறேன். எண் என்ன என்று கேட்காதீர்கள். சொன்னால் அதை வைத்தே மீதியைப் படிப்பீர்கள்.

முதலில் தேர்வு எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். போனில் தட்டினால் பத்து நிமிஷத்தில் "நீங்கள் மேதை" என்று சொல்லும் விளையாட்டோடு இதைச் சேர்க்க வேண்டாம். பயிற்சி பெற்ற உளவியலாளர் ஒருவர் எதிரே உட்கார்ந்து, ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதியாக நடத்துவார். 10 முக்கியப் பகுதிகள், தேவைப்பட்டால் கூடுதலாக 5. ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். 16 வயதிலிருந்து 90 வயது வரை உள்ளவர்களுக்கான தேர்வு. கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தம். அது நியாயமும்கூட. விடை தெரிந்துகொண்டு போனால் அளவுகோலே கெட்டுவிடும். அதனால் வகைகளை மட்டும் சொல்கிறேன்.

சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டைகள் கொடுத்து, படத்தில் உள்ள மாதிரி அடுக்கச் சொல்கிற பகுதி ஒன்று. கையால் பிழைக்கிறவனுக்கு இது எளிது என்று நினைப்பீர்கள். பாதிதான் சரி. மாதிரி கண்ணுக்கு உடனே பிடிபட்டது. ஆனால் ஒரு கட்டையை வைத்தால் அடுத்ததோடு விளிம்பு சரியாக ஒட்டுகிறதா என்று விரல் நுனியால் தடவிவிட்டுத்தான் அடுத்ததை எடுக்கிறேன். வெட்டிய விளிம்பில் பர் என்கிற பிசிறு இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும் பழக்கம், நான் சொன்னாலும் விரல் கேட்காது. வாட்ச் ஓடிக்கொண்டே இருக்கிறது. என் வேலையில் அவசரப்பட்டு வைத்தால் ஜாப் ஸ்க்ராப்புக்குப் போகும். இங்கே சரியாக வைப்பதோடு வேகத்துக்கும் மதிப்பெண்.

எண்களைச் சொல்லச் சொல்லக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்வது, பின்னிருந்து முன்னாகச் சொல்வது, வரிசைப்படுத்திச் சொல்வது ஒரு பகுதி. நான் போனதே இதற்காகத்தான். பரவாயில்லாமல் தாண்டினேன். எண்ணுக்கு நேராக ஒரு குறியைப் பார்த்துப் பார்த்து வேகமாக நிரப்புகிற பகுதியில் கை பின்தங்கியது எனக்கே தெரிந்தது. இரண்டு சொல்லுக்கு என்ன பொது, ஒரு சொல்லுக்கு என்ன பொருள், பொது அறிவு என்று வந்த பகுதிகளில் தாராளமாகப் போனது. படக்கட்டத்தில் விட்டுப்போனதைக் கண்டுபிடிக்கும் பகுதியும் உண்டு. கடைசிப் பக்கங்களில் மூளை சூடேறிவிட்டது.

நடத்தியவரைப் பற்றி ஒரு வார்த்தை. என் மகள் வயது இருக்கும். முகத்தில் சரி, தப்பு எதையும் காட்டாமல் அத்தனை நேரமும் ஒரே குரலில் பேசினார். தொடர்ந்து சில கேள்விகள் தவறினால் அந்தப் பகுதியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும் என்று விதி. நிறுத்தும்போது நமக்கு உறைக்காத மாதிரி நிறுத்தினார். அதற்கு முழு மதிப்பெண்.

அறிக்கை வாங்கும் நாளில் பொறுமையாக விளக்கினார். சராசரி 100 என்று வைத்து, இங்கும் அங்கும் 15 புள்ளி ஒரு படி என்று கணக்கு. நான்கு தலைப்புகளில் தனித்தனி எண்: சொல்லறிவு, கண்ணால் பார்த்துச் செய்யும் பகுத்தறிவு, வேலைசெய்யும் நினைவு, வேகம். இதெல்லாம் என் வயதுக்காரர்களோடு ஒப்பிட்ட எண்கள். குறி நிரப்பும் பகுதியில் நான் நிரப்பிய அதே எண்ணிக்கையை 25 வயதுப் பையன் நிரப்பியிருந்தால் அவனுக்கு இதைவிடக் குறைவான மதிப்புதான் வருமாம். கேட்க ஆறுதலாக இருந்தது, கொஞ்சம் கடுப்பாகவும் இருந்தது. வேகத்தில் எனக்குச் சலுகை கொடுத்து ஈடுகட்டுகிறார்கள், சரி. அவனிடம் இல்லாமல் என்னிடம் மட்டும் இருப்பதற்கு எங்கே இடம்?

"மேடம், நான் பாத்த வேலை இதுல எங்க வருது?" என்று கேட்டேன்.

தாளை ஒரு தடவை புரட்டினார். "வராது சார். நேரடியா வராது."

அந்தப் பதிலின் நேர்மை எனக்குப் பிடித்தது. அது எவ்வளவு பெரிய பதில் என்பது இரண்டு நாள் கழித்து ஷாப்பில் புரிந்தது.

மெல்லிய சுவர் கொண்ட வெண்கல புஷ் ஒன்று, ஷாஃப்ட் என்கிற தண்டு உள்ளே உட்காரும் குழாய்த் துண்டு. எங்களிடம் அப்ரண்டிஸாக இருக்கும் பையன் மூன்று தாடையால் இறுக்கிப் பிடிக்கும் சக்கில் மாட்டி, போரிங் அடித்து உள்துளையைக் கடைந்திருக்கிறான். சக்கில் இருக்கும்போது அளந்தான், சைஸ் சரி. கழற்றி, இரண்டு முனை தொட்டு அளக்கும் கேஜை உள்ளே விட்டுச் சுற்றிச் சுற்றி அளந்தான். எந்தத் திசையில் அளந்தாலும் ஒரே சைஸ். ஷாஃப்ட்டும் சைஸ். ஆனால் ஷாஃப்ட் உள்ளே போகவில்லை.

"அண்ணே, எல்லாம் கரெக்டா இருக்கு. ஷாஃப்ட் மட்டும் போக மாட்டேங்குது."

"சக்க எவ்வளவு இறுக்குன?"

அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. நான் புஷ்ஷைக் கையில்கூட வாங்கவில்லை. விஷயம் இதுதான். மூன்று தாடைகளும் இறுக்கும்போது மெல்லிய சுவர் அந்த மூன்று இடத்திலும் உள்ளே அமுங்குகிறது. அமுங்கிய நிலையில் டூல் அதை அழகான வட்டமாகக் கடைந்துவிடுகிறது. சக்கைத் தளர்த்தியதும் சுவர் தன் பழைய இடத்துக்குப் போகிறது, துளை மூன்று மூலை கொண்டதாக மாறிவிடுகிறது. தாடை பிடித்த இடத்தில் துளை அகலம், தாடைகளுக்கு நடுவே குறுகல். இப்போது வேடிக்கையைப் பாருங்கள். வட்டத்தில் மூன்று தாடை என்றால் ஒவ்வொரு தாடைக்கும் நேர் எதிரே வருவது இரண்டு தாடைகளுக்கு நடுப்பகுதி. அகன்ற இடத்துக்கு நேர் எதிரே எப்போதும் ஒரு குறுகிய இடம். இரண்டு முனை கேஜ் இரண்டையும் கூட்டித்தானே அளக்கிறது? எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே கணக்கு வரும். கேஜ் பொய் சொல்லவில்லை, ஆனால் துளை வட்டமும் இல்லை. மூன்று காலுள்ள உள்மைக்ரோமீட்டரை விட்டுச் சுழற்றினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அடுத்த தடவை கடைசி வெட்டுக்கு முன்னால் சக்கைக் கொஞ்சம் தளர்த்திப் பிடி, இல்லையென்றால் அகலத் தாடை போடு என்று சொல்லி அனுப்பினேன்.

இப்போது கேட்கிறேன். அந்தப் பையனை வேய்ஸ் எடுக்கச் சொன்னால் கட்டை அடுக்குவதிலும் படக்கட்டத்திலும் குறி நிரப்புவதிலும் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவான். சந்தேகமே இல்லை. ஒரு நாள் முழுக்க அந்தப் புஷ்ஷோடு தனியாக விட்டிருந்தால் ஒருவேளை தாளில் மூன்று அம்புக்குறி வரைந்து தானே கண்டுபிடித்திருப்பான். நான் கண்டுபிடிக்கவில்லை, எனக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம் என்று சிலர் சொல்வார்கள்: அவனிடம் இருப்பது அறிவுத்திறன், உன்னிடம் இருப்பது வெறும் ஞாபகம். இந்த "வெறும்" எனக்குச் செரிக்கவில்லை. ஷாஃப்ட் போகாததற்கு நூறு காரணம் உண்டு. சூடாக இருக்கும்போதே அளந்திருக்கலாம். 100 மில்லி விட்டமுள்ள எஃகு 20 டிகிரி சூடேறினாலே ஒரு மில்லியில் நூறில் இரண்டு பங்குக்கு மேல் பெருத்துவிடும். பர் இருக்கலாம், ஒரு முனை பெருத்து மறுமுனை சிறுக்கிற டேப்பர் இருக்கலாம், ஷாஃப்ட் வளைந்திருக்கலாம். அந்த நூறில் "எல்லாத் திசையிலும் ஒரே சைஸ்" என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் சரியான காரணத்தை மட்டும் எடுத்து முன்னால் வைப்பதை யோசனை என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

இந்தக் கேள்வியை எனக்கு முன்னால் பெரிய ஆட்களே கேட்டிருக்கிறார்கள் என்பது பிறகு படித்தபோது தெரிந்தது. கதை 1905-இல் தொடங்குகிறது. பிரான்சில் ஆல்ஃப்ரெட் பினே பள்ளிப் பாடத்தில் சிரமப்படும் குழந்தைகளை அடையாளம் காண ஒரு தேர்வை உருவாக்கினார். குழந்தைகளுக்கு அது பொருந்தியது. ஒரே வயதுக் குழந்தைகள் ஏறக்குறைய ஒரே பாடத்தைத்தான் படிக்கிறார்கள், யாருக்கு எவ்வளவு ஏறியது என்று ஒப்பிடலாம். பெரியவர்களுக்கென்று டேவிட் வெக்ஸ்லர் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் இருந்தபோது 1939-இல் ஒரு தேர்வைக் கொண்டுவந்தார். 1955-இல் அது வேய்ஸ் ஆனது. அதற்குப் பிறகு பல பதிப்பு, 2008-இல் நான்காவது, 2024-இல் ஐந்தாவது. வெக்ஸ்லர் நல்ல மனிதர்தான். நோக்கத்தோடு செயல்படுவது, பகுத்துச் சிந்திப்பது, சூழலைத் திறம்படக் கையாள்வது, இவை சேர்ந்த ஆற்றலே நுண்ணறிவு என்று அவர் வரையறுத்திருக்கிறார். அந்த வரையறைப்படி பார்த்தால் புஷ் விஷயம் உள்ளே வர வேண்டும். ஆனால் தேர்வில் உள்ள பொது அறிவுக் கேள்விகள், சாதாரண வாய்ப்புள்ள யாருக்கும் தெரிந்திருக்கக்கூடியவை என்ற கணக்கில் பொறுக்கியவை. ஒரு தொழில்காரனுக்கு மட்டும் தெரிந்ததைக் கேட்டால் மற்றவர்களுக்கு அநியாயம் என்று வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறார்கள். குழந்தைக்குச் செய்த அந்த நியாயத்தையே பெரியவனுக்கும் செய்ததில், அவன் பெரியவன் ஆனதற்கான காரணமே வெளியே நின்றுவிட்டது.

ரேமண்ட் கேட்டெல் என்ற உளவியலாளர் 1943-இலேயே நுண்ணறிவை இரண்டாகப் பிரித்தார். புதுச் சிக்கலை அவிழ்க்கும் நெகிழ்வான திறன் ஒன்று. படித்தும் பழகியும் உறைந்து நிற்கும் அறிவு இன்னொன்று. முதலாவது இளமையில் உச்சிக்குப் போய் மெல்ல இறங்குகிறது, இரண்டாவது வெகுகாலம் நிற்கிறது, வளரவும் செய்கிறது. முதலாவதை முதலீடாகப் போட்டுத்தான் இரண்டாவதைச் சம்பாதிக்கிறோம் என்பது அவர் கோட்பாடு. எனக்கு அந்தச் சொல் பிடித்திருக்கிறது. என் பணம் முழுக்க நிலத்தில் கிடக்க, சட்டைப்பையில் இருக்கும் சில்லறையை மட்டும் எண்ணி "உங்கள் சொத்து இவ்வளவு" என்று அறிக்கை கொடுத்த மாதிரிதான் இந்தத் தேர்வு.

கேட்டெலுக்கு இதன் சிக்கலும் தெரிந்தே இருந்தது. பள்ளிக்கூடம் முடிந்த பிறகு ஆளாளுக்கு வேறு வேறு வழியில் போகிறோம். அப்படிச் சேர்த்த அறிவை முழுதாக அளக்க வேண்டுமானால் எத்தனை தொழில் உண்டோ அத்தனை தேர்வு வேண்டும் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். அத்தனை தேர்வுக்கு யார் போவது? ஆகவே எல்லோரும் சுருக்குவழி எடுத்தார்கள். சொற்பொருளும் பொது அறிவும் கேட்டு, உறைந்த அறிவு மொத்தத்துக்கும் அதையே பிரதிநிதியாக்கிவிட்டார்கள். கேட்டெல், ஹார்ன், கேரல் ஆகிய மூவர் பெயரால் வழங்கும் இன்றைய கோட்பாட்டு வரைபடத்தில் தனித்துறை அறிவுக்கென்று ஒரு இடமே ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் பழக்கத்தில் உள்ள தேர்வுப் பெட்டிகளில் அதை அளக்கும் பகுதியைக் காணோம். பலகையில் பெயர் இருக்கிறது, கடையில் சரக்கில்லை.

சரக்கு செய்து பார்த்தவர் ஃபிலிப் ஆக்கர்மன். அமெரிக்க உளவியலாளர். 1996-இல் அவர் வைத்த வாதம் கிட்டத்தட்ட நான் மேடத்திடம் கேட்டதுதான், முறையாகக் கேட்டிருக்கிறார். பெரியவரின் அறிவில் நான்கு சங்கதி பின்னிக் கிடக்கின்றன என்றார்: யோசிக்கும் திறன், குணம், ஆர்வம், சேர்த்து வைத்த அறிவு. குணமும் ஆர்வமும் இதில் எதற்கு என்று முதலில் எனக்குப் பட்டது. பிறகு புரிந்தது. தேர்வு அறையில் ஒரு மணி நேரம் நாம் உச்சத்துக்குத் தம் கட்டி என்ன செய்கிறோம் என்பதை அளக்கிறார்கள். வாழ்க்கையில் ஒருவன் எவ்வளவு கற்றுக்கொள்கிறான் என்பது அந்த உச்சத்தில் மட்டும் இல்லை, சாதாரண நாளில் எதன்மேல் மனதை வைக்கிறான் என்பதிலும் இருக்கிறது. எங்கள் ஷாப்பில் என்னைவிடக் கூர்மையானவர்கள் வந்திருக்கிறார்கள். ஸ்க்ராப்பான ஜாபை ஏன் போயிற்று என்று திருப்பிப் பார்க்கிற குணம் அவர்களில் பாதிப் பேருக்கு இல்லை.

ஆக்கர்மனும் எரிக் ரோல்ஃபஸும் சேர்ந்து 20 துறைகளில் அறிவுத் தேர்வு உருவாக்கினார்கள். இலக்கியம், சட்டம், இசை, வானியல், பொருளியல், மின்னணுவியல் என்று போகிற அந்தப் பட்டியலில் கருவிகளும் பட்டறை வேலையும் ஒரு துறை! படித்ததும் எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். 1999-இல் வந்த அவர்கள் ஆய்வில் நடுவயதுக்காரர்கள் கல்லூரி வயதுக்காரர்களைவிடப் பெரும்பாலான துறைகளில் அதிகம் தெரிந்தவர்களாக இருந்தார்கள், சில அறிவியல் பாடங்கள் நீங்கலாக. 2000-இல் எழுதிய கட்டுரையில் தனித்துறை அறிவை வானியலாளர்கள் சொல்லும் இருண்ட பொருள் என்றே அழைத்தார் ஆக்கர்மன். எடை இருக்கிறது, வழக்கமான கருவியில் தெரிவதில்லை. வழக்கமான தேர்வை வைத்து மட்டும் பார்த்தால் பெரியவர்கள் சிறியவர்களைவிட மந்தம் என்றுதான் தோன்றும் என்பது அவர் சொல்ல வந்தது.

எண் நழுவுகிறது என்று போனேனே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. 1973-இல் சேஸ், சைமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சதுரங்கப் பலகை ஒன்றை 5 நொடி காட்டிவிட்டு மறைத்து, காய்களை மறுபடி வைக்கச் சொன்னார்கள். நடு ஆட்டத்திலிருந்து எடுத்த நிலை என்றால் வல்லவர் ஏறக்குறைய 16 காய்களைச் சரியாக வைத்தார், கற்றுக்குட்டி 4. அதே காய்களைக் கண்டபடி இறைத்து வைத்துக் காட்டியபோது அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. எனக்கு இதைப் படித்ததும் ஷாஃப்ட் டிராயிங்தான் ஞாபகம் வந்தது. பத்துப் பன்னிரண்டு அளவுள்ள டிராயிங்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெஷினுக்குப் போய்விடுவேன். 25 மில்லி பேரிங் உட்காரும் இடம், அதற்கு முன்னால் லாக்நட் போட 25-க்கு 1.5 பிட்ச் மரை, மரை முடியும் இடத்தில் டூல் வெளியே வர ஒரு காடி, அப்புறம் தோள். இதில் நான் மனப்பாடம் செய்வது ஒன்றோ இரண்டோதான், மீதி அதன் இடத்தில் தானாக வந்து நிற்கும். தேர்வில் கொடுத்த எண்களோ ஒன்றுக்கொன்று உறவில்லாத வெறும் எண்கள், கண்டபடி இறைத்த காய்கள். அதில் நான் எவ்வளவு பிடித்தேன் என்பது டாக்டருக்குத் தெரிய வேண்டிய சேதிதான், மறுக்கவில்லை. கன்ட்ரோலரில் போட வேண்டிய ஆஃப்செட்டும் அப்படி உறவில்லாத எண்தான், அதனால்தான் நழுவுகிறது. இப்போது தாளில் எழுதிக்கொள்கிறேன், தீர்ந்தது.

சரி, அப்படியானால் வேய்ஸோடு தொழிலறிவுப் பகுதி ஒன்றையும் சேர்த்துவிட வேண்டியதுதானே? இங்கேதான் என் வேகமும் குறைந்தது. யோசிக்க யோசிக்க அது சுலபமில்லை.

முதல் சிக்கல், எந்தத் துறையைச் சேர்ப்பது என்று யார் முடிவு செய்வது. ஆக்கர்மனின் துறைத் தேர்வுகள் பலவற்றில் ஆண்களுக்கே சராசரி அதிகம் வந்தது. இருக்காதா? பட்டியலில் மின்னணுவியலும் பட்டறையும் இருக்கின்றன. தையலும் குழந்தை வளர்ப்பும் நோயாளிப் பராமரிப்பும் எழுதியிருந்தால் கணக்கு எப்படிப் போகும்? என் மனைவி செவிலியர். ஒரு நோயாளி "என்னமோ மாதிரி இருக்கு" என்று சொல்லும் தொனியை வைத்து டாக்டரை உடனே கூப்பிடுவதா, கொஞ்சம் பொறுப்பதா என்று முடிவெடுப்பவர். புஷ் கதையைச் சொன்னபோது, "உங்க புஷ்ஷுக்கு ஒரு கேள்வி வச்சா எனக்கு எத்தன கேள்வி வைக்கணும் தெரியுமா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அதன் பிறகு ஆக்கர்மனும் மார்கரெட் பேயரும் உடல்நல அறிவுக்குத் தனியாகவே ஒரு தேர்வை உருவாக்கி 2003-இல் வெளியிட்டார்கள் என்று படித்து அவரிடம் காட்டினேன். "அதுவும் தாள்ல டிக் அடிக்கிறதுதானே" என்றார்.

அது இரண்டாவது சிக்கல். தாளில் டிக் அடித்துப் பட்டறை அறிவை எவ்வளவு தூரம் பிடிக்கலாம்? எம்10, அதாவது 10 மில்லி மரைக்கு எத்தனை மில்லி ட்ரில் என்று கேட்டால் 8.5 என்று யாரும் அட்டவணை பார்த்துச் சொல்லிவிடுவார்கள். துளை கடையும் போரிங் பாரின் சத்தம் மாறும்போது ஸ்பீடைக் குறைப்பதா, டூல் நகரும் ஃபீடைக் கூட்டுவதா, டூலை உள்ளே தள்ளிப் பிடிப்பதா என்று காது சொல்வதை எப்படிக் கேள்வியாக்குவது? புஷ் கேள்வியைத் தாளில் கொடுக்கலாம். அது நல்ல கேள்வி என்றுகூட நினைக்கிறேன். ஆனால் தாளில் கொடுத்தவுடனே "இங்கே ஏதோ சூட்சுமம் இருக்கிறது" என்று காட்டிக்கொடுத்துவிடுகிறோம். ஷாப்பில் அப்படி யாரும் எச்சரிப்பதில்லை.

மூன்றாவது, யாரோடு ஒப்பிடுவது? என் சொல்லறிவை என் வயதுக்காரர் எல்லோரோடும் ஒப்பிடலாம். என் லேத் அறிவை லேத்தே பார்க்காத ஆசிரியரோடு ஒப்பிட்டு எனக்கு 150 என்று போட்டால் அது கேலி. டர்னர்களோடு ஒப்பிட வேண்டும். அப்போது அது ஐக்யூ ஆகாது, தொழில் தேர்வாகிவிடும். அந்தத் தேர்வு எப்போதும் இருந்துகொண்டுதான் இருக்கிறது: மெட்டீரியலையும் டிராயிங்கையும் கையில் கொடுத்து "செய்" என்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் என் கட்சிக்கு மட்டும் வாதாடிய மாதிரி ஆகும். கையால் ஓட்டும் லேத்திலிருந்து கணினி ஓட்டும் சி.என்.சி.க்கு மாறியபோது என் பழைய அறிவில் பாதி உதவியது, பாதி குறுக்கே நின்றது. புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டது சேர்த்து வைத்ததைக் கொண்டு இல்லை. அந்த வேய்ஸ் அளக்கிறதே, புதுச் சிக்கலை அவிழ்க்கும் திறன், அதைக் கொண்டுதான். எங்களோடு இருந்த, என்னைவிடக் கைத்தேர்ந்த ஒருவர் அந்த மாற்றத்தில் நின்றுவிட்டார். ஆகவே எண் பொய் என்று சொல்பவன் நான் இல்லை.

அமெரிக்க ராணுவம் ஆளெடுக்க வைக்கும் தேர்வு ஒன்றில் வண்டி மற்றும் பட்டறை அறிவு, மின்னணு அறிவு, இயந்திரப் புரிதல் எல்லாம் தனித்தனிப் பகுதியாகவே இருக்கின்றன. சந்தோஷமாக மேலே படித்தேன். உள்ளே சேர்க்கலாமா வேண்டாமா என்பதற்கான தகுதி எண்ணைக் கணக்கிடும்போது சொல்லறிவு, பத்தி வாசிப்பு, இரண்டு கணிதப் பகுதி, இவ்வளவுதான் எடுத்துக்கொள்கிறார்கள். பட்டறை அறிவு, சேர்ந்த பிறகு எந்த வேலையில் போடலாம் என்று பார்க்கத்தான். வாசலில் ஒரு நுண்ணறிவு, உள்ளே இன்னொன்று.

குதிரைப் பந்தயத்தில் எந்தக் குதிரைக்கு என்ன பந்தய விகிதம் அமையும் என்று கணிப்பவர்களை ஸ்டீஃபன் சீசியும் ஜெஃப்ரி லைக்கரும் ஆராய்ந்து 1986-இல் எழுதியதும் கண்ணில் பட்டது. பல காரணிகளை ஒரே நேரத்தில் எடைபோடும் சிக்கலான கணக்கு அவர்கள் மனதில் ஓடுகிறது, அதற்கும் அவர்கள் ஐக்யூவுக்கும் தொடர்பே தெரியவில்லை என்றார்கள். அந்த முடிவுக்கு ஆட்சேபம் சொன்னவர்களும் உண்டு, பார்த்த ஆட்களும் 30 பேர்தான். அதனால் அதை வைத்து நான் பெரிதாகக் குதிக்கவில்லை.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? நினைவு, கவனம், வேகம் எதிலாவது சந்தேகம் வந்து மருத்துவர் சொன்னால் யோசிக்காமல் எடுங்கள். பகுதி பகுதியாக எங்கே வலு, எங்கே தளர்வு என்று இவ்வளவு தெளிவாகக் காட்டும் கருவி வேறு நான் பார்த்ததில்லை. ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். வேலைக்கு எடுப்பதற்கோ பதவி உயர்வுக்கோ நாற்பது, ஐம்பது வயதுக்காரரை இந்த ஒரு எண்ணை வைத்து எடைபோடப் போகிறார்கள் என்றால் இரண்டுதான் கொடுப்பேன். அந்த இடத்தில் அவர் துறையில் நல்ல கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவரையும் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். அறிக்கையில் பரிசோதிக்கப்பட்டவரின் தொழில் என்ன, அவர் செய்யும் வேலையில் எதை நம்பி மற்றவர்கள் அவரிடம் வருகிறார்கள் என்று இரண்டு வரி எழுத உளவியலாளருக்கு இடம் உண்டு. என் அறிக்கையில் தொழில் என்ற இடத்தில் "இயந்திர இயக்குநர்" என்று இருந்தது. "டர்னர்னு மாத்திடுங்க மேடம்" என்றேன், மாற்றிக் கொடுத்தார்.

எடுக்கப் போகிறவர்கள் காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். முந்தின நாள் நைட் ஷிஃப்ட் வேண்டாம். படிக்கும் கண்ணாடியை மறக்காமல் கொண்டு போங்கள், குறி நிரப்பும் கட்டங்கள் சின்னவை.